வாகனத்தில் மேலதிக சொக்கற்றும் இன்வேட்டரும்: நீங்களே பூட்ட ஒரு முழு வழிகாட்டி

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விற்கிற, பற்றரியின் 12 வோல்ற்றை வீட்டுக் கரண்ட் மாதிரி 230 ஆக்கும் வாகன இன்வேட்டர்களின் பெட்டிகளில் 300 வாற், 500 வாற், 1000 வாற் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்க்க முதல் பெட்டிக்குள் கிடக்கும் வயரை எடுத்துப் பாருங்கள். சின்ன இன்வேட்டருக்கு சிகரெட் லைற்றர் பிளக் வைத்த மெல்லிய வயர், பெரியதற்கு முதலைவாய்க் கிளிப் வைத்த இன்னொரு மெல்லிய வயர். அந்த வயரால் பெட்டியில் போட்ட வாற்றில் பாதிகூட ஒழுங்காகப் போகாது. இந்த வேலையில் காசு அதிகம் போவது இன்வேட்டருக்குத்தான். ஆனால் வாகனம் பத்திரமாக ஓடுமா, பொசுங்குமா என்பதைத் தீர்மானிப்பது வயரும் பியூஸும். ஆகவே இன்வேட்டரைச் சிறிதாக எடுங்கள், வயரைத் தடிப்பாகப் போடுங்கள்.

கீழே சொல்வது 12 வோல்ற் கார், வான்களுக்கு. பூட்டப்போகும் சொக்கற் என்பது சிகரெட் லைற்றர் பிளக் செருகும் 12 வோல்ற் சொக்கற். 24 வோல்ற் லொறி, பஸ்களுக்குக் கணக்கு வேறு.

முதலில், இன்வேட்டர் தேவைதானா?

எதைச் செருகப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கைபேசி, லாப்டொப், கமெரா பற்றரி, பிள்ளைக்கு நெபுலைசர், கண்காட்சிக்குப் போனால் ஒரு சின்ன ஸ்பீக்கர். பெரும்பாலானோரின் பட்டியல் இதோடு முடிந்துவிடும்.

இதில் கைபேசிக்கும் யூஎஸ்பி-சி லாப்டொப்புக்கும் இன்வேட்டர் வேண்டாம். 65 வாற் அல்லது 100 வாற் தரும் யூஎஸ்பி பீடி கார் சார்ஜர் ஒன்று போதும். இன்வேட்டர் 12 வோல்ற்றை 230 ஆக்க, லாப்டொப் சார்ஜர் அதைத் திரும்ப 20 ஆக்குகிறது. இரண்டு தரம் மாற்றும்போது இரண்டு தரம் இழப்பு. வைபை ரவுட்டர்களில் பல 12 வோல்ற்றிலேயே ஓடுபவை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோதும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்துக் குரங்கின் புண்ணியத்தில் நாடே இருண்டபோதும், ரவுட்டர் ஓட்ட இன்வேட்டர் தேடினவர்கள் உண்டு. ரவுட்டருக்குத் தேவைப்படுவது 12 வோல்ற்றை நிலையாக வைத்திருக்கும் ஒரு சின்ன ரெகுலேற்றர் மட்டுமே. எஞ்சின் ஓடும்போது வாகனத்தின் வோல்ற்றேஜ் 14-க்கு மேல் ஏறும் என்பதால் அது இல்லாமல் நேரே கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம். ஜப்பானிலிருந்து வந்த சில வான்களிலும் ஹைபிரிட்களிலும் வீட்டு பிளக் மாதிரி ஒரு சொக்கற் ஏற்கெனவே இருக்கும். அதில் வருவது 100 வோல்ற். சார்ஜரில் ‘100–240’ என்று அச்சடித்திருந்தால் தாராளமாகச் செருகலாம். 230 வோல்ற்றுக்கு மட்டும் செய்த விசிறியோ நெபுலைசரோ அதில் ஒழுங்காக ஓடாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் வாற் அளவையும் வாசியுங்கள். பல வாகனங்களில் அது வெறும் 100 வாற்.

இவ்வளவும் கழித்த பிறகும் 230 வோல்ற் தேவைப்பட்டால் மட்டும் இன்வேட்டருக்குப் போங்கள். 300 வாற், சுத்தமான சைன் அலை (வீட்டுக் கரண்ட் மாதிரி சீராக ஏறி இறங்கும் கரண்ட்). நான் சொல்லும் அளவு இதுதான். ‘மொடிஃபைட் சைன்’ என்று எழுதிய மலிவு வகையில் மோட்டர் இரையும், சூடாகும், சில சார்ஜர்கள் முரண்டு பிடிக்கும். மருத்துவக் கருவி எதையும் அதில் செருகவே வேண்டாம். கேத்தில், அயன்பொக்ஸ், ரைஸ்குக்கர் மூன்றையும் மறந்துவிடுங்கள்.

அம்பியர் கணக்கு

வாற்றை 12-ஆல் வகுத்தால் அம்பியர். இன்வேட்டருக்குள் வீணாகும் பங்கையும் சேர்க்க, 10-ஆல் வகுத்துவிடுங்கள். கணக்கும் லேசு, கொஞ்சம் தாராளமும் இருக்கும். 300 வாற் என்றால் 30 அம்பியர். 1000 வாற் என்றால் 100 அம்பியர். எஞ்சின் சுழற்றிக் கரண்ட் எடுக்கும் அல்டனேற்றர் அவ்வளவு தருமா? அதன் மேல் ஒட்டியிருக்கும் அளவு எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. பொரளைச் சந்தியிலோ காலி வீதியிலோ ஏசி, விசிறி, லைற் எல்லாம் போட்டு ஐடிலில் நிற்கும்போது கிடைப்பது அதைவிட நன்றாகக் குறைவு. மிச்சத்தைப் பற்றரிதான் ஈடு செய்யும். எவ்ரி போன்ற சின்ன வானுக்கு 1000 வாற் இன்வேட்டர் பூட்டுவது அதன் பற்றரியைக் கொல்வதற்கான வழி.

எஞ்சின் நிறுத்தியிருக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். என்எஸ் 60 என்ற அளவுப் பற்றரி 45 அம்பியர்-மணி, அதாவது அம்பியரை மணித்தியாலத்தால் பெருக்கின கொள்ளளவு. ஆனால் அது எஞ்சினை ஸ்ராட் பண்ணச் செய்த பற்றரி. சற்று நேரம் பெரிய கரண்ட் தரும், ஆழமாக வடித்தால் சீக்கிரம் செத்துவிடும். பாதிக்குமேல் எடுக்கக் கூடாது. 60 வாற் லாப்டொப்பை இரண்டு மணித்தியாலம் ஓட்டினால் 12 அம்பியர்-மணி போகும். நல்ல பற்றரிக்கு அது தாங்கும், வயதானதற்குத் தாங்காது. இன்வேட்டர் தானே நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். அநேகமானவை 10.5 வோல்ற் அளவில்தான் நிற்கும். அதற்குள் உங்கள் பற்றரி வெறுமையாகிவிடும், ஓட்டோமற்றிக் கியர் வாகனத்தைத் தள்ளி ஸ்ராட் பண்ணவும் முடியாது. ஓய்வில் இருக்கும் பற்றரி 12.7 காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. சொக்கற் பலகையிலேயே ஒரு சின்ன வோல்ற்மீற்றர் பூட்டிக்கொண்டால் அடிக்கடி கண்ணில் படும். நான் பூட்டும் எந்தச் சொக்கற்றுக்கும் பக்கத்தில் அது இருக்கும்.

வயரின் பருமன்

இதில்தான் ஆட்கள் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். பற்றரியிலிருந்து இன்வேட்டர் 4 மீற்றர் தூரம் என்று வைப்போம். போகவும் வரவும் 8 மீற்றர். 30 அம்பியர் ஓடும்போது 4 சதுர மில்லிமீற்றர் வயரில் ஏறக்குறைய 1 வோல்ற் வழியிலேயே தொலைந்துவிடும். 10-இல் அது 0.4 ஆகும், 16-இல் 0.26 ஆகும். 230 வோல்ற்றில் 1 வோல்ற் போனால் யாருக்கும் தெரியாது. 12-இல் 1 போனால் பற்றரி நன்றாக இருந்தும் இன்வேட்டர் கீ கீ என்று கத்தும், வயரும் சுடும். ஆகவே 300 வாற்றுக்கு 10 குறைந்தபட்சம், 16 நல்லது. வெல்டிங் கேபிளில் 16 கிடைக்கும். மெல்லிய இழைகள் நிறைய இருப்பதால் நன்றாக வளையும், அதிர்வையும் தாங்கும்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிஞ்சின 1/1.13, 7/0.67 வயர்களை வாகனத்தில் ஓட விடாதீர்கள். அவற்றின் இழைகள் தடிப்பானவை. வாகனம் குலுங்கக் குலுங்க, முனை இறுக்கிய இடத்தில் உடையும்.

வாங்குவதற்கு மருதானை, பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), பியூஸ் பெட்டி, லக் (வயர் முனையில் நசுக்கிப் பூட்டும் உலோக வளையம்), சொக்கற் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். “நானா, இது முழுச் செம்பா, இல்லாட்டி அலுமினியமா?” என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் மட்டும் போதாது. ஓர் இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசின அலுமினியம். அதே கரண்டுக்கு அது கூடச் சூடாகும், நாளடைவில் முனைகளில் தளரும். விலை பாதி என்றாலும் வேண்டாம். கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் வெள்ளீயம் பூசின செம்பு கிடைக்கிறதா என்று கேளுங்கள். இதன் இழை வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே செம்பு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மற்றச் சாமான்கள்: 40 அம்பியர் ரிலேயும் அதன் இருக்கையும், பற்றரிப் பக்கத்துக்கு மூடியுள்ள பியூஸ் வீடுகள் இரண்டு, சொக்கற்றுகளுக்குச் சின்ன பியூஸ் பெட்டி, 4 சதுர மில்லிமீற்றர் வயர், நெளிகுழாய், ரப்பர் குரோமெற் (தகரத் துளையின் விளிம்பு வயரை வெட்டாமல் காக்கும் வளையம்), ஹீற் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை), லக்குகள், நல்ல கிரிம்ப் குறடு, மல்ற்றிமீற்றர். கிரிம்ப் குறடு இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். சாதாரணக் குறட்டால் நசுக்கின லக், கையோடு ஒரு நாள் கழன்று வரும்.

சொக்கற் பூட்டும் வேலை

எஞ்சின் ஆறட்டும். முதலில் பற்றரியின் நெகற்றிவ் முனையைக் கழற்றுங்கள், பிறகுதான் மற்றது. பூட்டும்போது நெகற்றிவ் கடைசி. பொசிற்றிவ்வை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் வாகனத்தின் பொடியில் (தகர உடலில்) முட்டினால் தீப்பொறி பறக்கும். இதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும்: ஜப்பானிய நாவிகேஷன் செட் உள்ள வாகனமா? அவற்றில் சில, பற்றரி கழன்றதும் பூட்டிக்கொண்டு மப் கார்ட்டையோ இரகசிய எண்ணையோ கேட்கும். அப்படியானால் வேலை முடியும்வரை வேறொரு 12 வோல்ற் மூலத்தால் அந்த லைனை உயிரோடு வைத்திருக்கத் தெரிந்த ஒட்டோ எலெக்றீசியன் ஒருவரைப் பிடியுங்கள். செட்டைத் திறக்கக் காசு கட்டுவதைவிட அது மலிவு.

பற்றரி பொசிற்றிவ்விலிருந்து வரும் வயரில் ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் காப்பது சொக்கற்றை அல்ல, வயரை. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது. அது எங்காவது உரசித் தகரத்தில் பட்டால் பற்றரி முழுப் பலத்தோடு கரண்ட்டைக் கொட்டும், வயர் சிவக்கும், பிறகு நெருப்பு. பியூஸை உள்ளே டாஷ்போட்டுக்குக் கீழ், ‘மாற்ற வசதியாக’ வைத்திருக்கும் வேலையைக் கண்டால் அந்த பாஸிடம் (மெக்கானிக்கிடம்) வாகனத்தைத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டு சொக்கற்றுக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரிப் பக்கம் 20 அம்பியர் பியூஸ். மஞ்சள் நிறம். உள்ளே ஒவ்வொரு சொக்கற்றுக்கும் தனித்தனியாக 10 அம்பியர், சிவப்பு. ஒன்று எரிந்தால் மற்றது ஓடும்.

எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வர, தகரச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெற் வழியாக வயரை நுழையுங்கள். புதுத் துளை போட்டால் விளிம்பை அரத்தால் தேய்த்து, துருவுக்குப் பெயின்ற் பூசி, குரோமெற் போடாமல் வயரை விடக் கூடாது. கேடிஎச், எவ்ரி போன்ற வான்களில் எஞ்சின் முன் சீற்றுக்கு அடியில். அங்கே புகைக்குழாயிலிருந்தும் எஞ்சின் தகட்டிலிருந்தும் தள்ளி, நெளிகுழாய்க்குள் வைத்து, சாண் ஒன்றுக்கு ஒரு கட்டுப் போட்டுக் கொண்டுபோங்கள். மஞ்சள் நிற உறையும் கனெக்டரும் கண்டால் கை வைக்காதீர்கள், அது எயார்பாக்குடையது.

அடுத்தது ரிலே. இதில்லாமல் சொக்கற்றைப் பற்றரியோடு நேரே பூட்டினால், இரவில் மறந்துபோய் விட்ட சார்ஜர் காலையில் வாகனத்தை நிறுத்திவிடும். ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும். 30-க்குப் பற்றரியிலிருந்து பியூஸ் தாண்டி வரும் வயர். 87-இலிருந்து சின்ன பியூஸ் பெட்டிக்கு. 85 ஏர்த்துக்கு. 86-க்கு சாவியை ஏசிசிக்கு (எஞ்சின் ஓடாமல் ரேடியோ, லைற்றர் மட்டும் ஓடும் நிலைக்கு) திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஒரு மெல்லிய வயர். 87ஏ என்று நடுவில் ஒரு கால் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சாவி எடுத்த பிறகு கரண்ட் வருவது அதில்தான்.

அந்த ஏசிசி வயர் எங்கே? டொயோட்டாவில் ரேடியோவுக்குப் பின்னால் வரும் சாம்பல் நிற வயர் அநேகமாக ஏசிசி. நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது நேரடி பற்றரி. நிறத்தை நம்பி வெட்டாதீர்கள். பற்றரியைத் தற்காலிகமாகப் பூட்டி, மீற்றரால் சாவியை மூன்று நிலையிலும் வைத்துப் பாருங்கள். அதைவிடச் சுத்தமான வழி, பியூஸ் பெட்டியில் லைற்றர் பியூஸ் இருக்கும் இடத்தில் இரட்டைப் பியூஸ் கிளை ஒன்றைச் செருகி, அதிலிருந்து 3 அல்லது 5 அம்பியர் பியூஸோடு எடுப்பது. ரிலேக்குத் தேவை கால் அம்பியருக்கும் குறைவு. வயரைக் கடித்துப் பிடிக்கும் நீலப் பிளாஸ்ரிக் கிளிப்புகளை நமது ஈரக் காற்றில் பாவிக்கவே வேண்டாம்; உள்ளே பச்சை பிடித்துவிடும்.

சொக்கற் துளை 29 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய ஒன்றே அரைக்கால் அங்குலம். துளைக்க முதல் பின்னால் என்ன ஓடுகிறது என்று பாருங்கள். ஏசி குழாய், ஸ்ரியறிங் கம்பி, பீப்பா மாதிரி நீளும் சொக்கற்றின் முதுகு, எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். டாஷ்போட்டை ஓட்டையாக்க மனம் வராதவர்கள் இரண்டு சீற்றுக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி செய்து அதில் பூட்டலாம், விற்கும்போது கழற்றிவிடலாம். சொக்கற்றின் நடு முனை பொசிற்றிவ், சுற்று நெகற்றிவ். மாற்றிவிட்டால் முதல் செருகும் சார்ஜர் போய்விடும்.

ஏர்த்தை லேசாக எண்ணவேண்டாம். பெயின்ற் சுரண்டி, வெறும் தகரம் தெரிய, லக் வைத்து போல்ற்றால் இறுக்குங்கள். மேலே கிறீஸோ வசிலினோ பூசுங்கள். சீற் பெல்ற் போல்ற், பிரேக் போல்ற் இவற்றில் ஏர்த் எடுக்காதீர்கள்.

இன்வேட்டர்

சொக்கற் லைனிலிருந்து இன்வேட்டருக்குக் கிளை எடுக்காதீர்கள். பற்றரியிலிருந்து தனி வயர், 300 வாற்றுக்கு 40 அம்பியர் பியூஸ், அதே ஒரு சாண் விதி. நெகற்றிவ்வையும் அதே பருமனில், பற்றரி முனைவரை அல்லது பற்றரியின் ஏர்த் வயர் பொடியில் இறுகும் இடம்வரை கொண்டுபோங்கள்.

எங்கே வைப்பது? 12 வோல்ற் வயர் எவ்வளவு கட்டையோ அவ்வளவு நல்லது. நீட்ட வேண்டுமென்றால் 230 பக்கத்தை நீட்டுங்கள். ஆனால் எஞ்சின் அறைக்குள் வைக்கக் கூடாது, சூடும் ஈரமும் அதைத் தின்றுவிடும். முன் சீற்றுக்குப் பின்னால், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி ஒரு பலகையில் நிமிர்த்திப் பூட்டுவது நல்ல இடம். அரைமணி மழைக்கே வெள்ளம் நிற்கும் தெருக்கள் நமக்குப் புதிதல்ல. சீற்றுக்கு அடியில் தரையோடு வைத்த இன்வேட்டர் ஒரு நாள் குளிக்கும். விசிறித் துளைகளைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள். சாமான் ஏற்றும் வானென்றால் மேலே மூட்டை விழாதபடி ஒரு கம்பிக் கூடு.

இன்வேட்டரை முதன்முறை பூட்டும்போது ஒரு சின்னப் பொறி பறக்கும். உள்ளே இருக்கும் கப்பசிற்றர் நிறைவதுதான் அது, பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது முனை மாறிப் பூட்டுவதற்கு. பல இன்வேட்டர்களுக்கு அதுவே கடைசி.

230 வோல்ற் பக்கம், வாகனத்துக்குள் இருந்தாலும் வீட்டுக் கரண்ட் மாதிரியே கொல்லும். அதன் இரண்டு முனைகளில் எதையும் வாகனத்தின் பொடியோடு தொடுக்காதீர்கள். பல மலிவு இன்வேட்டர்களில் இரண்டுமே உயிருள்ளவை. ஏர்த் போல்ற் தனியாக இருந்தால் அதை மட்டும் பொடியில் இறுக்குங்கள். நீட்டு வயர் 13 அம்பியர் சதுரமுனை பிளக்கோடு, அறுந்த உறை இல்லாமல், கதவிடுக்கில் நசியாமல் இருக்கட்டும். மின்வெட்டு நேரத்தில் இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயர் செய்து வீட்டுச் சுவர்ச் சொக்கற்றில் செருகும் யோசனை யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். அந்தக் கரண்ட் தெருக் கம்பிக்கு ஏறினால் கம்பத்தில் நிற்கும் மின்சாரத் தொழிலாளிக்கு ஆபத்து, கரண்ட் திரும்ப வந்தால் இன்வேட்டரும் வெடிக்கும். அதேபோல் பற்றரியைக் காப்பாற்றுவதற்காக மூடின கராஜுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு

பிரியஸ், அக்குவா போன்றவற்றில் 12 வோல்ற் பற்றரி பெரும்பாலும் பின்பக்கம் இருக்கும், சிறியது, எஞ்சினை ஸ்ராட் பண்ணும் வேலை அதற்கில்லை. அதைப் பெரிய பற்றரியிலிருந்து ஒரு கொன்வேட்டர் நிரப்புகிறது. ‘ரெடி’ விளக்கு எரியும்போது மட்டும் இன்வேட்டரைப் பாவியுங்கள். அதில்லாமல் ஏசிசியில் விட்டால் சின்னப் பற்றரி வேகமாக வடிந்து, வாகனம் உயிர்க்கவே மறுக்கும். செம்மஞ்சள் நிறத் தடித்த கேபிள்கள் உயர் வோல்ற்றேஜ். அந்தப் பக்கம் துளைக்கவும் வேண்டாம், வயர் கட்டவும் வேண்டாம்.

ஓட்டிப் பார்த்தல்

பியூஸ்கள் இல்லாமல் எல்லாவற்றையும் பூட்டி, மீற்றரால் பியூஸ் தாண்டின பொசிற்றிவ் வயருக்கும் பொடிக்கும் இடையில் தொடர்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு பியூஸ் போட்டு, சாவியைத் திருப்பி, சொக்கற்றில் வோல்ற்றேஜ் பாருங்கள். எஞ்சினை ஸ்ராட் பண்ணி, இன்வேட்டரில் 200 வாற் அளவுக்கு எதையாவது பதினைந்து நிமிடம் ஓட விட்டு, பற்றரி முனையிலும் இன்வேட்டர் முனையிலும் வோல்ற்றேஜை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ற்றுக்கு மேல் என்றால் எங்கோ ஒரு லக் சரியில்லை. கையால் ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடம்தான் அந்த இடம். சாவியை எடுத்த பிறகு சொக்கற் செத்துவிட வேண்டும். இன்வேட்டரின் சுவிட்சை அணைக்காவிட்டால் சும்மா இருக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும், ஆகவே அணைத்துவிடுங்கள், அல்லது அதற்கும் ஒரு கட்-ஓஃப் சுவிட்ச் வையுங்கள்.

காப்புறுதி நிறுவனத்துக்கு இப்படி ஒன்று பூட்டியதைத் தெரிவித்துவிடுங்கள். பின்னால் வயரிங் நெருப்பு என்று ஒரு கதை வந்தால் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஒரு மாதம் ஓடின பிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள், புதுச் செம்பு கொஞ்சம் அமுங்கும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடற்காற்றில் நிறுத்தும் வாகனமானால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பற்றரிப் பக்கத்து பியூஸ் வீட்டைத் திறந்து பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, எந்த வயர் எங்கே போகிறது, எந்த பியூஸ் எத்தனை அம்பியர், ரிலே எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து, பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் பிளாஸ்ரிக் உறையில் ஒட்டிவிடுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் அடுத்த முறை வாகனத்தைத் திறக்கும் பாஸுக்கு உதவும்.